காசில் உட்கார்ந்திருந்த அம்மா

எங்கள் அம்மா செத்துப்போன பிறகும் ஏறக்குறைய மூன்று வருஷம் எங்கள் வீட்டில் அதிகாரம் பண்ணினாள். என்றைக்கு ஏரி மீன் எடுக்கவேண்டும், யார் பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டாம், தீபாவளிக்கு என்ன நிறத்தில் பாவாடை என்பதெல்லாம் அவள் சொன்னபடிதான் நடந்தது. அவள் சொன்னதை எடுத்துச் சொல்லும் வேலை என்னுடையது. அப்போது எனக்கு எட்டு, ஒன்பது வயது.

அம்மா குடியிருந்த இடம் ஒரு பொன்காசு. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும், ஆனால் கையில் வாங்கினால் எதிர்பாராத கனம் கனக்கும். ஒரு பக்கத்தில் ஓர் ஆணின் தலை. நல்ல நீள மூக்கு. தலையைச் சுற்றி இலைகள் கட்டி, அதன் நாடா பிடரியில் தொங்கும். அவன் கன்னத்தின் குறுக்கே ஆழமாக ஒரு வெட்டு விழுந்திருந்தது. திருப்பினால் மறுபக்கத்தில் ஒரு பெண், நாற்காலியில் பக்கவாட்டாக உட்கார்ந்திருப்பாள். ஒரு கையில் தரையில் ஊன்றிய நீண்ட கோல், இன்னொரு கையில் ஏதோ ஒரு செடியின் கொப்பு. சுற்றிலும் எழுத்து. எங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருமுறை அதை வாங்கிப் பார்த்து, எழுத்தெல்லாம் இங்கிலீஷ் எழுத்துதான், ஆனால் பாஷை இங்கிலீஷ் இல்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அம்மாவின் அப்பா அமிர்திக் காட்டுப் பக்கம் கிணறு வெட்டும் கூலிக்குப் போனபோது கூடை மண்ணோடு அது மேலே வந்ததாம். ஒன்றே ஒன்றுதான் வந்தது என்று அவர் சாகிறவரை சொன்னார். ஒருவரும் நம்பவில்லை. அந்த வெட்டு தன்னுடைய கடப்பாரை பட்டு விழுந்தது என்றும், இன்னும் நாலு விரற்கடை தள்ளிப் போட்டிருந்தால் ராஜா தப்பித்திருப்பான் என்றும் வருத்தப்படுவாராம். அம்மாவுக்குக் கல்யாணம் ஆனபோது அதற்கு ஒரு வளையம் வைத்து, கறுப்புக் கயிற்றில் கோத்து, கழுத்தில் போட்டு அனுப்பினார்.

அம்மா ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் ஆவாரம் பட்டை இடிக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். தோலைப் பதம் பண்ண அந்த நாளில் வண்டி வண்டியாக ஆவாரம் பட்டை வந்து இறங்கும். பெண்கள் வரிசையாக நின்று உலக்கையால் இடிப்பார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அவள் புருவம், இமை எல்லாம் பட்டைத் தூள் படிந்து பழுப்பாக இருக்கும். நான் மடியில் படுத்துக்கொண்டு காசைப் பிடித்து இழுத்து, இது யார் என்று கேட்பேன். "தெரில? நான்தான். பட்டைய இடிச்சி முடிச்சிட்டு உலக்கைய ஊனிகினு குந்தினு இருக்கேன்" என்பாள். நான் உற்றுப் பார்ப்பேன். உலக்கை சரியாக இருந்தது. கையில் ஆவாரங்கொப்பும் சரியாக இருந்தது. அதற்குமேல் அத்தாட்சி கேட்கிற வயதில்லை எனக்கு.

பட்டைத் தூள் நெஞ்சில் தங்கி, இருமி இருமி, எனக்கு ஆறு வயது நடக்கும்போது அம்மா போய்விட்டாள். வீட்டில் அவள் போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. போட்டோ எடுத்துக்கொள்கிற அளவுக்கு எங்கள் வீட்டில் யாரும் பெரிய மனிதர்கள் இல்லை. காசை அப்பா ஒரு துணியில் முடிந்து தகரப் பெட்டியில் வைத்தார்.

வருஷம் திரும்புவதற்குள் பக்கத்துத் தெருவிலிருந்த அத்தை, அப்பாவின் அக்கா, பெண் பார்த்துவிட்டாள். ஜோலார்பேட்டையில் ரயில் ரோடு கேங்மேன் ஒருவருடைய மகள். வயது பத்தொன்பது இருக்கும். எங்கோ தூரத்தில் இன்ஜின் ஊதினால், கூட்ஸ் வண்டியா மெயிலா என்று சொல்லிவிடுவாள். அதைத் தவிர அவள் சீராகக் கொண்டுவந்தது பெரிதாக ஒன்றுமில்லை. நான் அவளைச் சின்னம்மா என்று கூப்பிடவேண்டும் என்று அத்தை சொன்னாள். நான் ஒரு மாதம் எதுவும் கூப்பிடாமல் இருந்து பார்த்தேன்.

எங்கள் ஜனங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெண்டாட்டியை இழந்தவன் மறுபடி கட்டிக்கொண்டால், புதுப்பெண்ணின் தாலிக்கயிற்றில் மூத்தாளுக்கென்று ஒரு பொன் கோக்கவேண்டும். நகை செய்கிற பத்தர் சின்னத் தகட்டில் ஒரு பெண் உருவத்தைக் கீறிக் கொடுப்பார். அதன் பிறகு இளையவள் பூ வாங்கினால் முதல் பூ அதற்கு. குங்குமம் அதற்கு வைத்த பிறகுதான் தன் நெற்றிக்கு. புதுப்புடவை வந்தால் அதன்மேல் ஒருமுறை ஒற்றி எடுத்து, நீ கட்டிக்கொண்டு கழித்ததை நான் கட்டுகிறேன் என்று மனசுக்குள் சொல்லிவிட்டுத்தான் உடுத்தவேண்டும். மறந்தால் மூத்தாள் மனம் கோணுவாள், வயிற்றில் பிள்ளை தங்காது. பத்தரைக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது அத்தைக்கு அந்தக் காசு ஞாபகம் வந்தது. "புதுசா இன்னாத்துக்கு உரு கீறணும்? அவதான் காசுலயே குந்தினு இருக்காளே" என்றாள். பத்தரும் திருப்பிப் பார்த்துவிட்டு, அம்சமாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்.

இப்படியாகக் கடல் தாண்டி எந்த ஊரிலிருந்தோ வந்த அந்த அம்மாள், ஆம்பூரில் ஒரு தோல் ஷாப் கூலிக்காரரின் மூத்த சம்சாரம் ஆனாள்.

அது ரோமாபுரிக் காசு என்பது எனக்குத் தெரிய நாற்பது வருஷம் ஆயிற்று. பேரனோடு சென்னையில் மியூசியம் பார்க்கப் போனபோது கண்ணாடிக்குள் அச்சாக அதே காசைக் கண்டு கால் நகராமல் நின்றுவிட்டேன். அங்கிருந்த ஒருவர் என்னைப் பார்த்து என்ன நினைத்தாரோ, பக்கத்தில் வந்து விவரம் சொன்னார். அந்தத் தலை ரோமாபுரி ராஜாவாம். பின்னால் உட்கார்ந்திருப்பது சமாதானத்துக்கான தேவதையாம். ராஜாவின் அம்மாவையே அப்படி உட்கார வைத்திருக்கிறார்கள் என்று சொல்கிறவர்களும் உண்டாம். முகத்தில் வெட்டுப்பட்ட காசுகள் நம் பக்கத்தில் நிறையக் கிடைக்கின்றனவாம். பொன்தானா என்று பார்க்க வெட்டினார்களோ, இந்த முகம் இங்கே செல்லாது என்று வெட்டினார்களோ, அந்தக் காலத்திலேயே வெட்டிய வெட்டு அது என்றார். தாத்தாவின் கடப்பாரைக் கதையும் புளுகுதான். எங்கள் வம்சத்துக்கே அது கைவந்த கலை போலிருக்கிறது. அன்று எனக்குத் துக்கமாக இருந்தது அதைப் பற்றி அல்ல. ராஜா ஒரு பக்கம், அவனைப் பெற்றவள் மறுபக்கம். ஒரே காசில் இருந்தும் அவன் தன் அம்மாவைப் பார்க்க வழியே இல்லை. எனக்குக் கொடுத்துவைத்த பாக்கியம் அவனுக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு வழி இருந்தது. சின்னம்மா காலையில் குளித்துவிட்டு வந்து, காசை ரவிக்கைக்கு வெளியே எடுத்து, மஞ்சள் தொட்டு வைப்பாள். நான் ஓடிப்போய் அவள் முன்னால் நின்றுகொள்வேன். அம்மா என் வலது கைப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பாள். அதனால் அந்தப் பக்கமாகவே தலையைச் சாய்த்து, அவள் பார்வை படுகிற இடத்தில் என் முகத்தைக் கொண்டுபோய் வைப்பேன். அப்படி வைத்தால் என் கன்னம் சின்னம்மாவின் நெஞ்சில் படும். அது எனக்கு அப்போது ஒரு விஷயமாகவே படவில்லை. சுவரில் காலண்டர் மாட்டியிருந்தால் சுவரை யார் பார்க்கிறார்கள்?

ஒருநாள் சின்னம்மா, "இன்னா அப்டி பாக்கற?" என்று கேட்டாள்.

"அம்மா பேசுது" என்றேன்.

அந்த முதல் தடவை நான் பொய் சொல்லவில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். சின்னம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு, என்ன சொல்கிறது என்று கேட்டாள். எனக்குத் தலை வாரிவிடச் சொல்கிறது என்றேன். உடனே உட்கார்ந்து, எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, இரட்டைப் பின்னல் போட்டுவிட்டாள். அம்மா போனதிலிருந்து என் தலையை யாரும் அவ்வளவு நேரம் பிடித்ததில்லை.

ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா? மறுநாள் அம்மா வெல்லம் கேட்டாள். அதற்கு அடுத்த வாரம், கணக்குப் பரீட்சை அன்று, பிள்ளையை வெயிலில் அனுப்பாதே என்றாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கவேண்டும் என்பார்கள். எங்கள் வீட்டில் சாமி அம்மா, பூசாரி நான். சின்னம்மா பயந்த பக்தை. நான் காசைப் பார்த்துவிட்டு நிமிர்கிறவரை அவள் கையைக் கட்டாத குறையாக நிற்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா மீன் குழம்பு வைக்கச் சொன்னாள். அப்பா சாப்பிட உட்கார்ந்து, இன்றைக்கு என்ன விசேஷம் என்று கேட்டார். அக்கா கேட்டதாகச் சின்னம்மா மெதுவாகச் சொன்னாள். அவள் அம்மாவை அக்கா என்றுதான் சொல்வாள். அப்பா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு குனிந்து சாப்பிட்டார். அம்மா உயிரோடு இருந்தவரை மீன் வாடையே ஆகாதவள் என்பது எனக்கு ராத்திரி படுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. வேறு என்னவெல்லாம் மறந்திருக்கிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். முகம் வரவில்லை. புருவத்தில் படிந்த தூள் வந்தது, இருமல் வந்தது. முகத்துக்குப் பதில் காசில் உட்கார்ந்திருந்தவளின் முகம்தான் வந்தது. அதுவும் ஒரு பக்கத்து முகம், அரிசி மணி அளவு. அழுதுகொண்டே தூங்கினேன்.

மூன்றாம் வருஷம் சின்னம்மா உண்டானாள். ஏழாம் மாதம் வளையல் அடுக்கி, பிள்ளை பெறுவதற்கு ஜோலார்பேட்டைக்கு அனுப்புவதென்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். போனால் திரும்பி வர ஐந்தாறு மாதம் ஆகும் என்று அத்தை யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து எனக்கு ஒரே கவலை. சின்னம்மா போவதைப் பற்றி அல்ல. சின்னம்மா போனால் காசும் போகும். ஆறு மாதம் பார்க்காவிட்டால், மிச்சமிருந்த அந்த அரிசி மணி முகமும் எனக்கு மறந்துபோகும். வாய்விட்டு யாரிடம் சொல்வது? தாலிக்கயிற்றில் கிடப்பதைக் கழற்றி எனக்குக் கொடு என்று கேட்க முடியுமா?

அப்பாவின் வேலையிலிருந்துதான் எனக்கு யோசனை பிறந்தது. பதம் முடிந்து வருகிற ஈரத்தோலைப் பலகையில் விரித்து, சுருக்கம் போகத் தேய்த்து இழுக்கிற வேலை அவருக்கு. அந்தப் பலகைப் பக்கம் மோதிரத்தோடு ஒருவரும் வரக்கூடாது. நகம் வளர்ந்திருந்தால் மேஸ்திரி திருப்பி அனுப்பிவிடுவார். ஈரத்தோலில் எது அழுத்தினாலும் பதிந்துவிடும். காய்ந்த பிறகு தலைகீழாக நின்றாலும் அந்தத் தழும்பு போகாது. செருப்பு ஒட்டுப்போட அப்பா ஓரத்தில் கழித்த ஈரத்துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவருவார். அதைத் தொடப் போனால்கூட, "வளையல கழட்டிட்டுத் தொடு" என்பார். தொழில் அப்படி அவர் கையில் ஊறியிருந்தது.

காசை ஈரத்தோலில் பதித்துக்கொண்டால் அம்மா என்னிடமும் இருப்பாள், சின்னம்மாவோடும் போவாள். இதைவிட நியாயமான பாகப்பிரிவினையை எந்தக் கோர்ட்டும் செய்ய முடியாது என்று எனக்குத் தோன்றியது.

அப்பா ஷாப்புக்குப் போன பிறகு, சின்னம்மா தோட்டத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது போய் நின்றேன். "அம்மா இன்னிக்கி ஒருநாள் என்கூட இருக்கணும்னு சொல்லுது" என்றேன்.

அவள் கையில் சாம்பலோடு என்னையே பார்த்தாள். கயிற்றிலிருந்து கழற்றியா என்று கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். வயிற்றுப் பிள்ளைக்காரி அதைக் கழற்றக்கூடாது என்று அத்தை அவளிடம் நூறு தடவை சொல்லியிருப்பாள். அது எனக்கும் தெரியும். அவள் கையைக் கழுவினாள். புடவையில் துடைத்தாள். பிறகு, "கோவமா சொல்லுதா?" என்று கேட்டாள். இல்லை, அன்பாகத்தான் சொல்கிறது என்றேன். தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்து, வளையத்தை ஊசியால் நெம்பி, காசை எடுத்துக் கண்ணில் ஒற்றி என் உள்ளங்கையில் வைத்தாள். காசு இருந்த இடத்தில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டிக்கொண்டாள். பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிடு என்று மட்டும் சொன்னாள்.

அம்மிமேல் தோல்துண்டை விரித்து, அம்மா இருந்த பக்கத்தைக் கீழே கவிழ்த்து வைத்து, மேலே ஒரு பலகையைப் போட்டு, அதன்மேல் ஏறி நின்றேன். நூறு எண்ணினேன். சந்தேகத்துக்கு இன்னொரு நூறும் எண்ணினேன். பிறகு பலகையை எடுத்து, காசை நகத்தால் மெல்லக் கிளப்பினேன்.

பதிந்திருந்தது. நாற்காலி, உலக்கை, ஆவாரங்கொப்பு, புடவை மடிப்பு, சுற்றியிருந்த எழுத்து எல்லாமே பழுப்புத் தோலில் குழிந்து துல்லியமாக இருந்தன. குதிக்க வேண்டியதுதான் பாக்கி. வழக்கம்போல வலப்பக்கம் தலையைச் சாய்த்து அவள் பார்வையில் முகத்தை வைக்கப் போனேன். அம்மா அங்கே பார்க்கவில்லை.

தோலை விலக்கிப் பார்த்தேன், கிட்டே வைத்துப் பார்த்தேன். அம்மா இடப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். என் முகம் இருக்கும் பக்கத்துக்கு அவள் முதுகு இருந்தது.

எந்த முத்திரையும் அப்படித்தான் விழும், தபாலாபீஸ் ரப்பர் ஸ்டாம்பைத் திருப்பிப் பார்த்தால் பச்சைக் குழந்தைக்கும் விளங்கும் என்று இன்று சொல்லிவிடலாம். அன்று எனக்கு விளங்கியது ஒன்றுதான். வெல்லம், பாவாடை, மீன் குழம்பு என்று அவள் சொல்லாததையெல்லாம் சொன்னதாகச் சொன்னேன். இப்போது பிள்ளைத்தாய்ச்சியை ஏமாற்றித் தாலிக்கயிற்றில் கைவைத்துவிட்டேன். அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் என்னைப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காசையும் திருப்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தேன். அதில் பழையபடிதான் இருந்தாள். இன்னும் முழுதாகக் கைவிடவில்லை, ஒரு எச்சரிக்கையோடு விட்டிருக்கிறாள் என்று அர்த்தம் செய்துகொண்டேன்.

உச்சிவெயிலிலேயே காசைக் கொண்டுபோய்ச் சின்னம்மாவிடம் கொடுத்துவிட்டேன். இதற்குள்ளாகவா என்று கேட்டாள். என் கண் வீங்கியிருந்ததைப் பார்த்திருப்பாள், மேலே கேட்கவில்லை. தோல்துண்டை ஒரு பழைய துணியில் சுற்றி, அரிசிப்பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். இனி அம்மா பேரைச் சொல்லி ஒரு பொய்கூடச் சொல்வதில்லை என்று அங்கேயே தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அதன் பிறகு பூசாரி வேலையை விட்டுவிட்டேன். காலையில் காசைப் பார்ப்பேன், ஒன்றும் சொல்லாமல் போய்விடுவேன். அம்மா ஏன் இப்போதெல்லாம் எதுவும் கேட்பதில்லை என்று சின்னம்மா இரண்டொரு தடவை ஜாடையாகக் கேட்டாள். தெரியாது என்றேன்.

ஜோலார்பேட்டை கிளம்புகிற காலை வந்தது. அப்பா ஜட்கா கூட்டிவரப் போயிருந்தார். அத்தை வழிக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டிருந்தாள். சின்னம்மா புதுப்புடவையைக் காசின்மேல் ஒற்றிக் கட்டிக்கொண்டு, ஒரு கனகாம்பரத்தைக் கிள்ளி அதில் வைத்து எடுத்துவிட்டு, மீதிப் பூவைத் தன் தலையில் சொருகிக்கொண்டாள். பிறகு என்னை உள்ளே கூப்பிட்டாள். கதவின் பின்னால், அந்த வயிற்றோடு, சிரமப்பட்டு என் உயரத்துக்கு மண்டிபோட்டு உட்கார்ந்தாள். காசை எடுத்து, எனக்கு எந்தப் பக்கம் வேண்டுமோ அந்தப் பக்கமாகத் திருப்பி, முகத்துக்கு நேரே பிடித்தாள். போய்வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிக்கொள்ள விடுகிறாள் என்று நினைத்தேன்.

"உங்கம்மா என்னப் பத்தி எதனா சொல்லிச்சா?" என்று கேட்டாள்.

காசை இன்னும் கிட்டே கொண்டுவந்தாள். "நல்லா பாத்து சொல்லு. நான் போய்ட்டு வர்றேன்ல, அதான் கேக்கறேன்" என்றாள். அவள் குரல் அடுப்படியில் இருந்த அத்தைக்குக் கேட்கக்கூடாது என்பதுபோல இருந்தது. நான் நன்றாகத்தான் பார்த்தேன். அம்மா உலக்கையை ஊன்றிக்கொண்டு, கொப்பைப் பிடித்துக்கொண்டு, என் வலப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறக்கவில்லை. ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. சத்தியம் செய்திருந்தேனே.

"ஒண்ணும் சொல்லல" என்றேன்.

"எப்பவுமே?"

"எப்பவுமே சொல்லல."

சரி என்றாள். காசை முந்தானையால் துடைத்து ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டாள். எழுந்திருக்க முடியாமல் ஒரு கையைச் சுவரில் ஊன்றினாள், இன்னொரு கையை என் தோளில் வைத்தாள். அந்தக் கை என் தோளில் வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் இருந்தது. ஜட்கா வந்து நின்றது. நான் வாசலில் நின்று பார்த்தேன். உண்மையைச் சொல்லிவிட்டேன், அம்மா இனிமேல் திரும்பிக்கொள்ள மாட்டாள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

சின்னம்மா ஆண்பிள்ளை பெற்று நல்லபடியாகத் திரும்பி வந்தாள். அதற்குப் பிறகும் அந்த வீட்டில் முப்பது வருஷத்துக்குமேல் இருந்தாள். என்னைப் படிக்கவைக்க அப்பாவோடு சண்டை போட்டதும், எனக்குக் கல்யாணம் பண்ணி அனுப்பியதும் அவள்தான். அந்தக் கேள்வியை மட்டும் அவள் மறுபடி கேட்கவே இல்லை. அவள் அன்று மண்டிபோட்டு உட்கார்ந்து கேட்டது காசில் இருந்தவளை அல்ல, எதிரே நின்றிருந்த என்னைத்தான் என்று அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.